முன்னறைக்கு வரி உண்டு

மகனுக்கு,

காலிழந்த ராணுவ வீரரின் வீடு என்று நமக்கிருந்த சொத்து வரி விலக்கை அதிகாரிகள் பறித்துவிட்டதாகக் கடைத்தெருவில் சொல்லி வருகிறாயாம். தவறு. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள் நான்.

“யாரும் கேக்கலையே ஆத்தா, பேசாம இருந்திருக்கலாம்ல?” என்றார் வரி ஆபீஸ் குமாஸ்தா.

“குடியிருக்கிற வீட்டுக்குத்தானே விலக்கு? முன்னறை இப்போ கடை” என்றேன்.

மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளில் திரும்பினேன். அதற்குள் முன்னறையைக் குமுளிக்கு ஜீப்பில் ஆள் ஏற்றும் புக்கிங்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தாய். மேசை போட இடைஞ்சலென்று, அப்பா பிடித்து எழுந்து நிற்கும் சுவர்க் கம்பியையும் அறுத்திருந்தாய். எல்லையில் ஒரு காலைக் கொடுத்து அவர் பெற்ற சலுகை, அந்த வாடகைக்குத் துணை போக வேண்டாம்.

அறையை என்றைக்குக் காலி செய்வாய்? போனில் பேசாதே. எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அம்மா