கோகிலாவுக்குச் செய்தவை

3 மார்ச் 1957, ஞாயிறு
வீடு வந்து பதினோரு நாள். காசநோய் வார்டில் இரண்டரை வருடம் கிடந்தவனுக்குக் காஜா பெராங் தெருச் சத்தம் இன்னும் பழகவில்லை. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் மனைவி ருக்மணியைக் கொண்டுபோன அதே நோய். எனக்கு மருந்து பிடித்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் மகள் கோகிலா, ருக்மணியின் அக்கா கமலவேணி வீட்டில், செமாபோக்கில் வளர்கிறாள். அடுத்த மாதம் ஆறு வயது. என் முகம் ஞாபகம் இருக்குமா?

ஆஸ்பத்திரியில் நான் கற்ற ஒரே உருப்படியான காரியம் சின்ன ரம்பத்தால் பலகையில் சித்திரம் அறுப்பது. அவளுக்கு என் கையால் ஏதாவது செய்ய வேண்டும்.

10 மார்ச்
சீனர் மளிகைக் கடையில் காலித் தேயிலைப் பெட்டி கிடைத்தது. மெல்லிய பலகை, இதற்கு வாகானது. மயில் வரைந்தேன். தோகையில் நாற்பத்திரண்டு கண். ஒவ்வொன்றுக்கும் துளை போட்டு, ரம்பத்தின் பிளேடைக் கழற்றி உள்ளே விட்டு, மறுபடி மாட்டிச் சுற்றி வர வேண்டும். பிளேடு நூல் கனம்தான்.

17 மார்ச்
இன்று மட்டும் மூன்று பிளேடு முறிந்தது.

1 ஏப்ரல்
தோகை முடிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தூள் தொண்டைக்குள் போய் இருமல் பிடித்துக்கொண்டது. பயந்துபோய்க் கைக்குட்டையைப் பார்த்தேன் — மரத்தூள். மரத்தூள் மட்டும்தான்.

7 ஏப்ரல், ஞாயிறு
செமாபோக் போனேன். அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டார். கோகிலா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், ஓடிவிட்டாள். ருக்மணியின் நெற்றி.

செய்தித்தாளில் சுற்றியிருந்த மயிலை அப்படியே வாங்கிக்கொண்டார் அக்கா. "அழகா இருக்கு தம்பி. அப்புறம் குடுக்குறேன்."

21 ஏப்ரல்
அக்காவின் கணவர் பொன்னுதுரை அண்ணன் சைக்கிளில் வந்தார். வெகுநேரம் மழையைப் பற்றியே பேசினார். பிறகு, "தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. அந்த மயில... உங்க அக்கா அடுப்புல போட்டுட்டா. அன்னிக்கே."

நாற்பத்திரண்டு கண்.

என் பிள்ளைக்கு நான் என்ன விஷமா? டாக்டர் குடுத்த கடுதாசி அப்புறம் எதுக்கு?

5 மே
ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் வாசலில் அக்காவைக் கண்டதும் சத்தம் போட்டேன். "எரிச்சீங்களா, இல்லையாக்கா?" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எரிச்சேன்." அவர் அழவில்லை. "ருக்மணி ரத்தம் ரத்தமா துப்புனப்ப ஏந்துனது இந்தக் கைதான் தம்பி. அவ சேலை, பாய், தலையணை எல்லாத்தையும் எரிச்சதும் இதுதான். உங்க சாமான வாங்குனதும் கை தானா அடுப்புக்குப் போயிருச்சு. நான் என்ன செய்ய?"

ஏசத்தான் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

31 ஆகஸ்ட்
மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். ஊர் முழுக்கக் கொடி. கூட்டத்தில் பத்தடி தள்ளி, பொன்னுதுரை அண்ணன் தோளில் கோகிலா. "அப்பா, அங்க பாருங்க!" என்று கத்தினாள். நான் திரும்பினேன்.

அவள் கூப்பிட்டது அவரை.

22 செப்டம்பர்
மறுபடி எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. கிருமி இல்லை. ஆனால் ஒரு பக்க நுரையீரல் வேலை செய்யாது. "திரும்ப வராதுன்னு உறுதி சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர்.

17 நவம்பர்
அக்காவும் அண்ணனும் வந்தார்கள். அக்கா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் கோப்பியைக் குடித்தார். முதல் தடவை. ஜனவரியில் கோகிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தகப்பன் பெயர் எழுத வேண்டுமாம். தத்துப் பத்திரம் கொண்டுவந்திருந்தார்கள்.

"வேணாம்னா இப்பவே கூட்டிட்டு வந்துருங்க தம்பி. தடுக்க மாட்டேன். ஆனா எங்களுக்குன்னு வேற பிள்ள இல்ல. அவளும் என் சேலையப் புடிச்சுக்கிட்டாத்தான் தூங்குறா."

மூன்று நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

நான் மறுபடி படுத்தால்? அவள் எத்தனை தடவைதான் வீடு மாறுவாள்?

20 நவம்பர்
கையெழுத்துப் போட்டேன்.

5 ஜனவரி 1958, ஞாயிறு
கோகிலாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. புத்தகம் அடுக்கச் சின்ன அலமாரி செய்து கொண்டுபோனேன். பக்கப் பலகை இரண்டிலும் மல்லிகைக் கொடி. ஒரு மாத வேலை.

"உள்ள வாங்க தம்பி" என்றார் அக்கா. அவரே ஈரத்துணியால் துடைத்து, கோகிலாவின் கட்டில் பக்கத்தில் வைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, கொடியின் இடைவெளிகளில் விரலை விட்டு விட்டு எடுத்தாள்.

"இது யாரும்மா செஞ்சது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"சித்தப்பா செஞ்சேன்."

"நல்லா இருக்கு சித்தப்பா" என்றாள்.