அசனப் பந்தியில் நான் சொன்னது

கிழக்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் உன் அம்மாவோடும் இருப்பதாக. உன் மாமா வேதசிரோமணி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்தாயே, அதற்கு முதலில் நன்றி.

நாகர்கோவில் பக்கம் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி கூடியிருக்கும். இங்கே எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது உண்மையில்லை. நீ அம்மா வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஷெர்வின் வேலையிலிருந்து வருகிறான், வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்கிறான், அறைக்குள் போய்விடுகிறான். பாத்திரம் கழுவ வரும் எல்லம்மாதான் தினமும் கேட்கிறாள்: “இன்னா சார், அக்கா எப்ப வரும்? வூடே ஒரு மாதிரி கீது.” நான் பேப்பரைப் படிப்பதுபோல் இருந்துவிடுகிறேன்.

போனில் பேசினால் எனக்கு வார்த்தை முன்னே பின்னே வந்துவிடும். அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று எழுதினேன். காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தேன். படித்துப் பார்த்தபோது ஒவ்வொரு காரணமும் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீயாகத்தான் என்னிடம் கொண்டுவந்தாய். “மாமா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு” என்றாய். உடம்பில் இன்சுலின் இருந்தும் அதன் சொல்லை உடம்பு கேட்பதில்லை, எடை கூடியவர்களுக்கு இது அதிகம் வரும் என்று விளக்கினேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் என்னிடம் யாரும் ஒரு விளக்கம் கேட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் இன்சுலின் வழிக்கு வந்துவிடும் என்று முடிவுகட்டினேன். முட்டை, சுண்டல், மீன், பால்பவுடர் போன்ற அந்தப் புரத மாவு என்று உன் தட்டை நானே நிரப்பினேன். தராசு வைத்து நிறுத்தேன். நீ முகம் சுளிக்காமல் சாப்பிட்டாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுப்பின் பண்டிகை அசனத்தில் நடந்ததை உனக்கு எழுதத் தேவையில்லை. ஆனாலும் நான் என் கையால் எழுதியாக வேண்டும். சபை முழுவதும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதுதான் அசனம், இதில் ஒருவர் இலையை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று கமிட்டியில் இருந்தபோது நானே பேசியிருக்கிறேன். அந்த நான்தான் உன் இலைக்கு மேலே கையை நீட்டி, “இவளுக்குச் சோறு வேண்டாம், கறி மட்டும் வை” என்றேன். பரிமாறிய முகிலன் “இன்னா சார், அசனத்துக்கு வந்து சோத்துக்கே தடா போடுறீங்க?” என்று கேட்டதும் வரிசை முழுவதும் சிரித்தது. என்னைப் பார்த்து நாலுபேர் சிரித்தால் எனக்குத் தாங்காது, உனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன் ரிப்போர்ட்டைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எதிர்ப்பந்தி ரத்தினபாய் அக்கா விடுவார்களா? “அதானா மூணு வருஷமா விசேஷம் ஒண்ணும் இல்ல? நான் என்னென்னவோ நெனச்சேன்!”

நீ இலையை மடக்கிவிட்டு எழுந்தாய். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: “மாமா, அதை உங்ககிட்ட மட்டுந்தான் காட்டினேன்.” நீ ரயிலேறப் போனபோது ஸ்டேஷன் வரை வரவும் எனக்குத் தைரியமில்லை.

போன வாரம் சேலையூருக்குப் போய் உன் டாக்டர் மிருதுளாவைப் பார்த்தேன். நான் செய்தது சரிதான் என்று அவர் வாயால் கேட்டால் கொஞ்சம் தூக்கம் வரும் என்று நினைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “புரோட்டீன் வேணும்தான் சார். பசி தாங்கும், எடை குறையறப்ப தசை கரையாம பாத்துக்கும். ஆனா கூடக்கூடப் போட்டா இன்சுலின் நல்லா வேலை செய்யும்னு சொல்ல முடியாது. எடை குறைஞ்சும், புரோட்டீன் அதிகமா சாப்பிட்டவங்களுக்கு அந்தப் பலன் வராமப் போனதா ஆய்வே இருக்கு.” நான் பாதியைப் படித்துவிட்டு முழுதையும் உன் தட்டில் வைத்திருக்கிறேன், அம்மா.

அப்படியானால் என் மருமகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதை நான் சொல்லக் கூடாது சார். அவங்க உடம்பு, அவங்ககிட்டயே கேளுங்க” என்றார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அவ்வளவு தனிமையிலும், உன் மாமனாரிடம்கூட, அவர் சொல்ல மறுத்த விஷயத்தை நான் பந்தியில் கூவியிருக்கிறேன். குடையை அங்கேயே மறந்துவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் இருக்கும் வீட்டுக்கு நீ எப்படி வருவாய் என்று யோசித்து, பெருங்களத்தூரில் உங்கள் இருவருக்கும் மட்டுமாக ஒரு மாடி வீடு பார்த்தேன். காற்றோட்டமான வீடு. பேசியும் வைத்துவிட்டேன். ஷெர்வினிடம் சொன்னேன். “அப்பா, இதையும் அவகிட்ட கேக்காமலேயா?” என்றான். பட்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பார். மறுநாள் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ரத்தினபாய் அக்காவிடம், அது என் வாய் செய்த தப்பு, அதைப் பற்றி இனி யாரிடமும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சபைக்கு முன்னால் எழுந்து சொல்ல நினைத்து ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆராதனை முடியும்வரை உட்கார்ந்தே இருந்துவிட்டேன். அப்படிச் சொன்னால் உனக்கு ஆறுதலா, இன்னும் வேதனையா என்றும் எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னால் எழுந்து நிற்பேன். வேண்டாம் என்றால் உட்கார்ந்திருப்பேன்.

ஷெர்வின் வெள்ளிக்கிழமை ரயிலில் அங்கே வருகிறான். டிக்கெட் எடுத்துவிட்டான், என்னிடம் சொல்லவில்லை, மேஜையில் கண்டேன். இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தனுப்பினால் அவன் முகத்துக்காக நீ என்னை மன்னிக்க வேண்டியிருக்கும் என்பதால் தபாலில் போடுகிறேன். அவன் அன்று பந்தியில் என் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. அதுவும் என்னிடமிருந்து வந்த குணம்தான். அதற்காக அவனை வாசலில் நிறுத்திவிடாதே, ஜெரூஷா. நீ என்னை எங்கே வைத்தாலும் சரி, அவனை மட்டும் உள்ளே கூப்பிடு.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுத்தான் முடிப்பேன். அதை உன்னிடம் கேட்கும் யோக்கியதையை நான் இழந்துவிட்டேன். கேட்கவில்லை.

கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்வாராக.

தலைகுனிந்து,
உன் மாமா
வேதசிரோமணி