எங்கள் தெருத் தண்ணீரின் முடிவு அங்கியின் கரைக்காகக் காத்திருப்பது குறித்து

அனுப்புநர்:
தையல் கடைக்காரி,
தேசிய அறிவியல் பேரவையின் பின்சுவரை ஒட்டிய தெரு,
கோடி வீடு.

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
அறிவியல் துறை,
தலைமைச் செயலகம்.

பொருள்: எங்கள் குடிதண்ணீரைச் சோதித்து முடித்த பின்னும் முடிவைச் சொல்லாமல், விழாவிலும் அங்கியிலும் காலம் கடத்தும் தேசிய அறிவியல் பேரவை மீது புகார்.

மரியாதைக்குரிய செயலர் அய்யா,

வணக்கம். மனு என்றால் பணிவாக எழுத வேண்டும் என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தா சொல்லியனுப்பினார். முடிந்தவரை பணிவாகவே எழுதுகிறேன். முடியாத இடங்களைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. பேரவையின் பின்சுவரும் எங்கள் தெருவும் ஒட்டிப் பிறந்தவை. சுவருக்கு அந்தப் பக்கம் நாட்டின் பெரிய விஞ்ஞானிகள் கூடிப் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஒரே ஒரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வாழ்கிறோம். கொஞ்ச காலமாகவே பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது, தேய்த்தாலும் போவதில்லை. நடுவயதுக்காரர்கள் மாடிப்படி ஏறினால் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னுடன் வசிக்கும் என் தங்கைக்குச் சென்ற ஆண்டு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. மருத்துவர், "தண்ணியாலயும் இருக்கலாம், வேற எதனாலயும் இருக்கலாம். முதல்ல தண்ணியச் சோதிக்கச் சொல்லுங்க" என்றார்.

2. நகராட்சியில் மனு கொடுத்தோம். அவர்கள் சோதனையைப் பேரவையிடம் ஒப்படைத்தார்கள். அன்றைக்குத் தெருவே சந்தோஷப்பட்டது. பக்கத்திலேயே பெரிய பேரவை இருக்கிறது, இனி நமக்கு என்ன கவலை என்று நானே வாய் ஓயாமல் பேசித் திரிந்தேன். பேரவையிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். "ஒரு மாசத்துல தெரிஞ்சிடும்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

3. மாதம் பல ஆகியும் தகவல் இல்லை. ஒரு நாள் பேரவை வாசலில் அவரைக் கண்டு மறித்துக் கேட்டேன். "முடிவு எப்பவோ வந்திடுச்சுக்கா. நான் சொல்லக் கூடாது" என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் சொல்லக் கூடாது என்று நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பேரவையில் செய்த எந்த ஆய்வின் முடிவும், ஆண்டுப் பேரமர்வில் உறுப்பினர் ஒருவர் அங்கி அணிந்து எழுந்து நின்று வாசிக்கும் வரை வெளியே போகக் கூடாதாம். ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் தன் பெயரில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக முன்னோர் ஏற்படுத்திய வழக்கமாம். அய்யா, நட்சத்திரத்தையோ நோய்க்கு மருந்தையோ கண்டுபிடித்தவர்களுக்கு இந்த வழக்கம் பொருந்தலாம். எங்கள் குழாயில் வருவது நஞ்சா நல்ல தண்ணீரா என்பதை யார் களவாடித் தன் பெயரில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?

4. சரி, பேரமர்வு நடக்கட்டும் என்று காத்திருந்தோம். நடந்தால்தானே! நூற்றாண்டு விழாவோடு சேர்த்து நடத்தலாம் என்று முதலில் தள்ளிவைத்தார்கள். பிறகு அரங்கத்துக்குப் புதுக் கூரை. பிறகு வாசலில் வளைவு, நிறுவனருக்கு மார்பளவுச் சிலை, புதுச் சின்னம். சின்னத்தில் விளக்கு இருக்க வேண்டுமா, புத்தகம் இருக்க வேண்டுமா என்று பேசவே ஒரு குழு. இந்த ஆண்டு பேரவை செய்த பணிகள் என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள், தாங்களே வந்து படித்துப் பாருங்கள். ஒருவருக்கொருவர் பதக்கம் கொடுத்துக்கொண்டது, வெளிநாட்டுப் பேரவைகளுடன் கைகுலுக்கியது, வருங்காலத்துக்கான பார்வை என்று ஒரு பெரிய புத்தகம் போட்டது எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் தண்ணீர் அதில் ஒரு வரி கூட இல்லை. "மக்களோடு அறிவியல்" என்று ஒரு வாரம் கொண்டாடினார்கள். அதற்கான சுவரொட்டியை எங்கள் பம்பு அறைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். கதவைத் திறப்பதற்காக அதை நாங்கள்தான் கிழித்தோம். அதற்கும் ஒரு எச்சரிக்கை வந்தது.

5. இந்த இடத்தில் என் தொழில் வருகிறது. நூற்றாண்டுக்கு உறுப்பினர் அனைவருக்கும் புது அங்கி தைக்க முடிவு செய்து, பின்தெருவில் இருக்கிறாள் என்று என்னையே அழைத்தார்கள். அளவெடுக்கப் போனேன். நாட்டின் மூளை எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வரிசையில் நின்றது. துறைக்கு ஒரு நிறத்தில் கரை வைக்க வேண்டும் என்றார்கள். வேதியியலுக்குச் சொன்ன சிவப்பையே இயற்பியலும் கேட்டது. மண்ணியலாருக்கு மண் நிறம் வைத்தால், "என்னம்மா இது, சேத்துல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு" என்று கோபித்துக்கொண்டார்கள். கணிதத்துக்குக் கரை உண்டா இல்லையா என்று ஒரு முழுக் காலை வாதாடினார்கள். தைத்த கரையைப் பிரிப்பதும், பிரித்ததைத் தைப்பதுமாக என் கண் பூத்துப் போயிற்று. தையல்காரிக்கு இது புதிதல்ல, வாயை மூடிக்கொண்டு செய்தேன்.

6. அங்கேதான் உண்மை தெரிந்தது. அளவெடுக்கும்போது என்னை நாற்காலி மேசை போல நினைத்து என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். எங்கள் தண்ணீர் அறிக்கையைப் பேரமர்வின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே இல்லையாம். காரணம், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது வேதியியல். அதைக் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது மருத்துவம். ஆகவே எந்த நிறக் கரை அங்கி அணிந்தவர் அதை வாசிப்பது என்று தீர்மானிக்க முடியவில்லை. இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரு துணைக்குழு போட்டிருக்கிறார்கள். துணைக்குழுவின் தலைவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில் தகராறு, அதனால் குழு இன்னும் கூடவில்லை. என் வாயில் குண்டூசிகள் இருந்தன. இல்லாவிட்டால் அன்றைக்கு நான் பேசியிருக்கும் பேச்சுக்கு என்னைத் தாங்களே கைது செய்ய வேண்டியிருந்திருக்கும்.

7. குண்டூசியைத் துப்பிவிட்டு நிர்வாக அலுவலரின் அறைக்குப் போனேன். என் தங்கை மறுபடி கருவுற்றிருக்கிறாள், அவளுக்காகவாவது குடிக்கலாமா கூடாதா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம் அய்யா, கெஞ்சத்தான் செய்தேன். "நீங்க அங்கியைக் கவனிங்கம்மா, அறிவியலை நாங்க கவனிச்சுக்கறோம்" என்று வாய் கூசாமல் சொன்னார். நகராட்சிப் பொறியாளரிடம் ஓடினேன். "பேரவை முடிவு வராம நான் லாரித் தண்ணி அனுப்பினா என்னைக் கேள்வி கேப்பாங்க" என்றார். கேன் தண்ணீர் வாங்கினேன். அந்தக் கேன்காரர் நிரப்புவதே எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றில்தான் என்பதைப் பிறகு கண்ணால் பார்த்தேன். தங்கையின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். ஊரில் இருக்கும் நாட்களில் எங்கிருந்தாவது குடத்தில் கொண்டுவருவார். அவர் இல்லாதபோது நான் தூக்குகிறேன். கடையில் வேலை முட்டிக்கொள்ளும் நாளில் இதே தண்ணீர்தான். குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற. நம்ம தண்ணிய அளந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை வாங்க முடியலியாக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

8. ஆகவே நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். அங்கிகள் அனைத்தும் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, என் கடையில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு பொத்தான் காஜா கூடக் குறையில்லை. தண்ணீரின் முடிவைச் சொல்லும் வரை ஒன்றையும் தர மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். உடனே பேரவைக்குக் கைகால் ஓடவில்லை. ஒரு வருடமாக எங்களுக்காகக் கூடாத குழு, அங்கிக்காக அன்று மாலையே கூடியது. பேரவை உடைமையைப் பிடித்து வைத்திருப்பதாக என் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். விசாரிக்க வந்த காவலர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்க மனம் வராமல் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

9. நேற்றுப் பகல், நயமாகப் பேசி அங்கிகளை வாங்கி வரும்படி அந்த ஆய்வாளரையே அனுப்பினார்கள். முன்பு பாட்டில்களோடு வந்தபோது என் கடையில் உட்கார்ந்து டீ கேட்டு வாங்கிக் குடித்தவர் அவர். கோபம் அவர் மேல் இல்லை என்பதால் உட்காரச் சொன்னேன். வெயிலில் வந்திருக்கிறாரே என்று, யோசிக்காமல், பழக்கதோஷத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டேன். வாங்கிக்கொண்டார். உதடு காய்ந்திருந்தது. பேசிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. பிறகு தம்ளரைக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அப்போது என் தங்கை உள்ளேயிருந்து வந்தாள்.

"எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றாள்.

"அம்மா வீட்ல போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமே."

"அம்மா இல்லீங்க. அக்கா வீடுதான் எனக்கு அம்மா வீடு."

"வேற சொந்தம் யாராவது... தள்ளி எங்கியாவது..." என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். அங்கியைப் பற்றிக் கேட்காமலே எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெண் பேரவையின் விதியை மீறவில்லை அய்யா. முடிவை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம். என் தங்கையை இன்று காலை பஸ் ஏற்றி, ஒற்றை அறையில் குடியிருக்கும் அவள் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை இனி நன்றாகப் பிறக்குமா என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அவள் குடித்ததை நான் திரும்ப எடுக்க முடியாது.

நான் கேட்பது இதுதான். எங்கள் தண்ணீரின் முடிவை இந்த வாரமே எழுத்தில் வெளியிடத் தாங்கள் ஆணையிட வேண்டும். சிவப்புக் கரையோ பச்சைக் கரையோ, அங்கியே இல்லாமலோ, யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். அன்றே நகராட்சி லாரித் தண்ணீர் அனுப்ப வேண்டும். அங்கிகளை நானே தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தாமதம் வேண்டாம். என் தெருவில் இன்னும் மூன்று பெண்கள் கருவுற்றிருக்கிறார்கள். அந்த ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போக முடியாது.

இடம்: என் தையல் கடை
நாள்: வெள்ளிக்கிழமை, தங்கையை பஸ் ஏற்றிய அன்று

தங்கள் பதிலை எதிர்பார்த்து, கோபம் தணியாமல்,
(கையொப்பம்)
தையல் கடைக்காரி