கழுவாத தட்டுகள்

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் ஒட்டவில்லை. ஆய்வுக்கூடத் தட்டைக் கழுவியதும் அத்தனை உயிர்ச்செல்களும் திரவத்தோடு போய்விட்டன.

கண்ணாடித் தட்டில் போட்டால் இதே செல்கள் பசை தடவின மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் நம் உடம்புக்குள் கண்ணாடி எங்கே இருக்கிறது? எல்லாம் மெத்து மெத்தென்ற சதை. அதனால்தான் அதே மென்மையில் ஜெல் செய்து, அதைச் செல் எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஜெல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளிரும் மணிகள் கலந்திருக்கிறேன். செல் இழுத்தால் மணி நகரும். செல் இருந்தால்தானே!

ஜூன் 6, வியாழன்

டைரக்டர் கூப்பிட்டார். குரல் என்னவோ தேன்தான். "மாசக் கடைசியில மதிப்பீட்டுக் குழு உட்காருது. அதுக்குள்ள ஒரு செல்லாவது இழுக்கறதைக் காட்டுங்க. இல்லேன்னா நுண்ணோக்கியை வேற டீமுக்குக் குடுத்துடலாம். நீங்க பழையபடி கண்ணாடிக்கே போயிடுங்க."

சரி சார் என்று தலையாட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம்தான். கண்ணாடிக்குப் போக மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

ஜூன் 10, திங்கள்

செல் ஒட்டுவதற்காக ஜெல்லின் மேல் பூசும் புரதத்தை மாற்றிப் பார்த்தேன். ஊஹூம்.

ஜூன் 12, புதன்

நுண்ணோக்கியைக் கட்டி மேய்க்கும் இயற்பியல்காரனுக்கு லென்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். செல்களைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியை இன்று நான் மறுபடி திறந்ததும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, அந்த இன்குபேட்டரை எத்தனை தடவைதான் திறப்பீங்க? அதுங்களுக்கும் கூச்சம் இருக்கும்ல?"

என்ன செய்வது, என் குணம் அது. வீட்டில் அடுப்பில் எதை வைத்தாலும் மூடியைத் திறந்து திறந்து பார்த்து அதை வேகவிட மாட்டேன். வீட்டுக்காரர் சமையலறைப் பக்கமே என்னை விடுவதில்லை. அதுவும் ஒரு வகையில் சௌகரியம்தான்.

ஜூன் 14, வெள்ளி

புதுத் தட்டுகள் போட்டேன். நாளைக் காலை வழக்கம்போலக் கழுவி, ஒட்டாததை நீக்கி, மிச்சத்தைப் படமெடுக்க வேண்டும்.

கோட்டைக் கழற்றி உள்ளே மாட்டினேன். கையில் ஸ்பிரிட் தேய்த்துக்கொண்டேன். வெளியே வந்தேன். கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. சாவி? கோட்டுப் பையில். மூளை? அதுவும் அங்கேதான் இருக்கும்.

ஜூன் 15, சனி

மாற்றுச் சாவி ஸ்டோர் அதிகாரியிடம். அவரோ ஊரில் இல்லை, திங்கள்தான் வருவாராம். கதவுக் கண்ணாடி வழியாக இன்குபேட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தபடி நின்றேன். எல்லாம் போச்சு. ஏற்கெனவே நாள் இல்லை, இதில் இது வேறயா? எனக்கு வேணும், நல்லா வேணும்.

வீட்டுக்காரர் சமாதானம் சொல்கிறார்: "விடும்மா, அதுங்களாவது ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும்." சமாதானமா இது?

ஜூன் 17, திங்கள்

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

கதவு திறந்ததும் தட்டைக் கழுவக்கூட மனசில்லை. எப்படியும் எல்லாம் மிதக்கும் என்று நினைத்து அப்படியே லென்ஸிடம் கொடுத்தேன். அவன் தட்டை நுண்ணோக்கியில் வைத்துத் திருகைத் திருப்பினான். பிறகு, "அக்கா... இங்க வாங்களேன்."

ஒட்டியிருக்கின்றன! கால் பரப்பி, ஜெல்லைக் கவ்விக்கொண்டு. சுற்றியிருந்த மணிகளெல்லாம் செல்லை நோக்கி இழுபட்டிருந்தன. ஒரு செல்லை மட்டும் பிடி விடச் செய்தோம். மணிகள் மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கே போயின. அந்தப் பொடிச் செல்தான் அத்தனையையும் இழுத்து வைத்திருந்தது.

கண்ணாடியில் மறுநாளே பிடித்துக்கொள்கிற செல், மென்மையான இடத்தில் தடவித் தடவிப் பார்த்து, மெதுவாகத்தான் பிடிக்கும் போல. நானோ கண்ணாடிக்குச் செய்கிற மாதிரியே ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில்... அடிப்பாவி! பிடிக்க ஆரம்பித்தவற்றையெல்லாம் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "வீட்டுல ஒரு தட்டு கழுவறதில்ல, அங்க போய் கழுவிக் கழுவியே கெடுத்திருக்கே!" சொல்லட்டும். இன்று என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஜூன் 24, திங்கள்

ஒருமுறை நடந்ததை வைத்துக்கொண்டு குழுவின் முன் நிற்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை போட்ட தட்டுகளில் பாதியைச் சனிக்கிழமை காலையில் கழுவினேன், பாதியைத் தொடவில்லை. கழுவியது மொட்டை. தொடாததில் நிறையச் செல்கள்.

தொடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

ஜூன் 28, வெள்ளி

மணிகள் நகரும் படத்தை டைரக்டர் திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தார். "பிரமாதம். என்ன மாத்தினீங்க?"

"சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன் சார்."

குழுவே சிரித்தது. நுண்ணோக்கி எனக்கே.

ஜூலை 5, வெள்ளி

புதுத் தட்டுகள் போட்டாயிற்று. கிளம்பும்போது வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி லென்ஸ் கையில் கொடுத்தேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் இதை எங்கிட்ட குடுக்காதே."

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும்."

கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கெஞ்சினேன். தரவில்லை.