பாதிப் போர்வை

மைனி,

பேத்தி ரப்பர் பாய் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். சுருளைப் பிரித்ததும் செம்பூர் வீடு முழுக்கப் புது டயர் வாடை. நாளைக்கு அவளுக்கு யோகா ஸ்டூடியோவில் முதல் வகுப்பாம். போனில் என்னென்னவோ படித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நின்றாள். "ஆச்சி, வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்காங்க. அப்ப இன்னிக்கு நைட்டு சாப்பிடலாமா, கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை பயந்துபோனாள். இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல், நீயே ஒரு பதிலை முடிவு கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு போய் மாட்டுங்காவில் விழுந்தாயே. அதை அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்ல?

சீனாக்காரன் சண்டைக்கு நகை கழற்றிக் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். தாராவியில் உன் ஒற்றை அறைக் கோலியும் என் கோலியும் ஒரே தகரச் சுவரின் இரண்டு பக்கம். அந்தப் பக்கம் நீ இருமினால் இந்தப் பக்கம் என் பாத்திரம் அதிரும். நமக்குள் சொந்தம் கிடையாது. உன் ஊரும் என் ஊரும் ஒரே பஸ் போகிற வழி, அவ்வளவுதான். அந்த உறவுக்கே அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது மைனி, பேசினதெல்லாம் நீ, வா, போ.

விடிந்தால் குத்தவைத்து உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றுவோம். பக்கத்தில் மரத்தூள் அடுப்பு. அந்தப் புகைதான் உன் நெஞ்சில் ஏறியது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? உனக்கு இளைப்பு. மழை வந்தால் தொண்டையில் ஊதல் போல ஒரு சத்தம் கிளம்பும். உன் மாமியார் அதைக் கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "பம்பாய்க் காத்து இவளுக்குச் சேரல. இந்த மழையிலயும் இழுத்துச்சுன்னா ஊருல கொண்டு விட்டுர வேண்டியதுதான். எம்மவனுக்குச் சோறு பொங்க நான் இருக்கேன்" என்றாள். சொன்னதோடு நிற்காமல் உன் தகரப் பெட்டியில் துணியை அடுக்கி வாசலோரம் வைத்தும் விட்டாள். அப்படி ஊருக்குப் போன பெண்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் உன் வீட்டுக்குள் வருவேன்.

மாட்டுங்காவில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர் முறுக்கு கொண்டுபோன அன்று, மாடிப்படியில் நீ மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாய். அந்த வீட்டுக்கு வந்திருந்த டீச்சரம்மா பார்த்தார். வெள்ளைப் புடவை, நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொம்மனாட்டிகளுக்கு யோகாசனம் சொல்லித்தரேன், வாங்கோ. டாக்டர் மருந்தை நிறுத்தப்படாது. அதோட இதையும் பண்ணலாம். வெறும் வயித்தோட வரணும். கை கால் தாராளமா அசையறாப்பல உடுத்திக்கணும். படுக்க ஒரு விரிப்பு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

வேறொன்றும் வேண்டாம் என்று அவர் சொன்னார். நீ விட்டாயா?

"ஏட்டி, யோகம்னா முனிவருமாரு செய்யுதது. சும்மா போவ முடியுமா?" என்றாய். சஷ்டி விரதம் மாதிரி முந்தின நாளே ஆரம்பித்தாய். பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. தலை முழுகினாய், மஞ்சள் பூசினாய். டீச்சரம்மாவுக்கு வைத்துக் கொடுக்கத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. நான் மட்டும் உடைசல் முறுக்கைத் தின்றுகொண்டேன். பசி தாங்குகிற ஆள் நான் இல்லை, அது உனக்கும் தெரியும்.

உடுப்புக்கு அடுத்த சந்து மராட்டி மீன்கார ஆயியைப் பிடித்தோம். அவள்தானே புடவையைக் காலுக்கு நடுவே வாங்கிச் சொருகிக் கட்டுவாள்! தன் ஒன்பது கஜம் இரண்டைக் கொடுத்து, கட்டியும் விட்டு, "தோனோ பயில்வான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். நாம் இரண்டு பேருமே பயில்வான்களாம். விரிப்புக்கு உன் சோலாப்பூர்ப் போர்வை. என் வீட்டுப் போர்வையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். "ஒண்ணு போதும்ட்டி, ரெண்டு பேரும் என்ன மலையா?" என்றாய்.

மாட்டுங்காவில் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தக் கூடத்தில் எல்லாரும் ஆளுக்கொரு விரிப்பில் இருந்தார்கள். நாம் கடைசியில் ஒரே போர்வையில் ஒட்டி உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் பச்சைக்கல் தோடு போட்ட ஒரு மாமி. மூக்கைச் சுளித்துக்கொண்டு, "டீச்சர், மீன் நாத்தம் குமட்டறது. அவாளை ஜன்னலண்டை போகச் சொல்லுங்கோ" என்றாள்.

டீச்சரம்மா அவளைப் பார்க்கவே இல்லை. "ஜன்னலண்டைதான் நல்ல காத்து. வாங்கோ, நானும் அங்கேயே வரேன்" என்று தன் விரிப்பைத் தூக்கிக்கொண்டு நம் பக்கத்தில் வந்து போட்டார்.

அந்த மாமியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவள் இடது காதுத் தோட்டில் ஒரு கல் மங்கல், அதுகூட மறக்கவில்லை. பின்னால் அவள் மகள் சீமந்தத்துக்கு முறுக்குக் கேட்டு ஆள் அனுப்பினபோது முடியாது என்றேன். நீ எனக்குத் தெரியாமல் சுற்றிக் கொடுத்துவிட்டாய். கேட்டதற்கு, "அவளுக்கும் முழங்கால் வலிக்குதுட்டி. வலிக்குதவகிட்ட என்ன சண்டை?" என்றாய். அதற்காக உன்னோடும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

முதல் ஆசனமே நின்று குனிவதுதான். குனிந்த நீ நிமிரவில்லை. அப்படியே என் காலடியில் சரிந்தாய். இது உன் மாமியார் காதுக்குப் போனால் மழை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. "முழுகாம இருக்காளோ?" என்று மாமி. டீச்சரம்மா உன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "கடைசியா எப்போ சாப்பிட்டே?" என்றார்.

"நேத்து காலைலம்மா. நீங்கதான வெறும் வயிறுன்னு சொன்னிய."

டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடி அசடே! மத்தியானம் கொஞ்சமா சாப்பிட்டு, அது ஜீரணம் ஆனப்புறம் வந்தா வெறும் வயிறு. நான் யோகாசனம் சொல்லித்தரேன், விரதம் இல்லை." அவருக்கென்று நீ கொண்டுபோன தட்டிலிருந்தே ஒரு பழத்தை எடுத்து, உரித்து, உன் வாயில் வைத்தார்.

அன்றைக்கு உனக்கு ஆசனம் ஒன்றும் கிடையாது. உட்காரவைத்து, உன் வயிற்றில் கை வைத்து, "இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதே. மெதுவா வெளியில விடு. இடம் காலியானா காத்து தானே உள்ளே வரும்" என்று அதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். திரும்பி நடக்கும்போது, "எங்கம்மா போனதுக்கப்புறம் என் வயித்துல யாரும் கை வச்சுப் பாத்ததில்லட்டி" என்றாய். எனக்கும் அப்படித்தானே.

உன் மாமியார் வாசலிலேயே காத்திருந்தாள். "மூச்சு விடுததுக்கு ஒரு வாத்தியாரா? நம்மூரு எருமையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

"எருமைக்கு மரத்தூள் அடுப்பு இல்லலா எத்தே" என்றாய் நீ. மயங்கினதை மட்டும் இரண்டு பேரும் விழுங்கிவிட்டோம்.

வீட்டில் கண்ணை மூடி உட்கார நமக்கு ஏது நேரம்? வேலையிலேயே மூச்சை வைத்துக்கொண்டாய். மாவைக் கிள்ளும்போது இழுப்பது, முறுக்கு ஒரு சுற்று முடியும்வரை விடுவது. விரல் அவசரப்பட்டால் முறுக்கு அறுந்துவிடும், அதனால் மூச்சும் நிதானத்துக்கு வந்தது. அடுப்பைச் சந்துப் பக்கம் நகர்த்தினோம். ஞாயிறு தவறாமல் அதே போர்வையில் ஆளுக்குப் பாதியாகப் படுத்துப் பாம்பு போல நெஞ்சைத் தூக்கினோம். குத்தவைத்துக் குத்தவைத்துச் செத்துக் கிடந்த என் இடுப்பு அதில்தான் பிழைத்தது. படுத்தால் தூக்கம் வந்தது.

மழை வந்தது. தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி முதல் மழை. தூள் நனைந்து ஒரே புகை. உன் தொண்டையில் அந்த ஊதல் கிளம்பிவிட்டது. வெற்றிலையை மென்றுகொண்டு உன் மாமியார் பின்னால் வந்து நின்றாள். நீ தலை நிமிரவில்லை. கிள்ளினாய், இழுத்தாய். சுற்றினாய், விட்டாய். மறுபடி கிள்ளினாய். ஊதல் மெலிந்துகொண்டே வந்தது. பிறகு மழையும், எண்ணெய் கொதிக்கிற சத்தமும்தான் கேட்டன.

அவள் வெற்றிலையைத் துப்பினாள். "பெட்டி வாசல்ல நனையுது, ஒருத்திக்கும் கண்ணு தெரியலையா? தூக்கி உள்ள வைங்க."

நீ உடனே எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த சுற்றை முடித்துவிட்டுத்தான் எழுந்தாய்.

அப்படிப் பாடுபட்டு உன்னைப் பம்பாயில் வைத்துக்கொண்டேன் மைனி. எத்தனை மழை பார்த்தோம். கடைசியில் நீ என்ன செய்தாய்? என் சின்ன மகள் பிரசவத்துக்கு நான் சீத்தா கேம்ப்பில் அவள் வீட்டில் இருந்த நேரம், ஒரு காய்ச்சலைச் சாக்காக வைத்துப் போய்விட்டாய். ஒரு பஸ் தூரத்தில் இருந்தேன். சொல்லி அனுப்பியிருந்தால் வந்திருப்பேன். மூச்சு மட்டும் கடைசிவரை சீராக இருந்ததாக உன் வீட்டுக்காரர் சொன்னார். பெட்டியைத் திறந்து அந்தப் போர்வையையும் என் கையில் கொடுத்தார். பச்சைக்கல் மாமியைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். காத்திருக்காமல் போன உன்னை மாட்டேன்.

பேத்தியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ராத்திரி நன்றாகச் சாப்பிடு. காலையில் கனமாக ஒன்றும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். உடம்பில் என்ன கோளாறு என்று டீச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடு. பக்கத்தில் இருப்பவள் எவ்வளவு வளைகிறாள் என்று பார்க்காதே. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கூடத்தில் அந்த ரப்பர் பாயை விரித்து, "ஆச்சி, நீங்க செய்றதையும் காட்டுங்க" என்றாள்.

உன் சோலாப்பூர்ப் போர்வையைக் கொண்டுவந்து விரித்துப் படுத்தேன். ஓரம் நைந்துவிட்டது, நிறம் போய்விட்டது. கையை வயிற்றில் வைத்து மெதுவாக விட்டேன்.

"என்ன ஆச்சி, தரையில விழுந்துருவீங்க போல. நடுவுல படுங்க, இவ்வளவு இடம் கிடக்குல்ல?" என்றாள்.

நான் நகரவில்லை.