மாடிச் சாவி

அன்புள்ள சித்ரலேகா,

உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என எண்ணுகிறேன். மஸ்கட்டில் நான் நலம்; நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

நேற்று தம்பி ஐயம்பெருமாள் பேசினான். "என்ன அண்ணாச்சி, இந்த வருசமும் வெள்ளம் வெள்ளம்னு பயந்துக்கிட்டுதான் இருக்கியளா? அதெல்லாம் ஒண்ணும் வராது" என்று சிரித்தான். அதே மூச்சில், "மாடிச் சாவிய மதினிட்ட குடுக்கச் சொல்லுங்க. புது டிவிய மேல ஏத்தி வச்சிருதேன். எதுக்கும் இருக்கட்டும்" என்றான்.

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளம் வந்த அந்த மார்கழியில் நாம் இருவரும் இங்கிருந்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் ஆறு ஏறுகிறது, அம்மாவை மாடிக்குக் கொண்டுபோ என்று, அன்று சாவி வைத்திருந்த அவனிடம் கெஞ்சினேன். "நல்லதையே நினைங்க" என்றான். நெஞ்சளவு நீரிலிருந்து அக்கம்பக்கத்தார்தான் அம்மாவைத் தூக்கினார்கள். அந்தக் குளிர் நுரையீரலில் இறங்கி, பொங்கலுக்கு முன்பே அம்மா இல்லை.

வெள்ளம் வருமா என்பது அன்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தெரியாததால் நான் அஞ்சினேன். தெரியாமலே அவன் அம்மாவைப் பணயம் வைத்தான். அதற்கு நம்பிக்கை என்று பெயரும் சூட்டியிருக்கிறான்.

சாவியைக் கொடுக்காதே. மழை வலுத்தால் அவன் மனைவி கோமுவையும் பிள்ளைகளையும் நீயே மேலே அழைத்துக்கொள். அவனும் வரட்டும், வெறுங்கையோடு.

ஊரிலிருந்து யாரேனும் வந்தால் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடு. ஒருவனுக்குத்தான் காப்பி, சிறு துண்டு போதும். உன் பழைய போர்வையையும் அனுப்பு.

அலுவலக வண்டி வந்துவிட்டது. டிவி கீழேயே இருக்கட்டும். அவன் ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்: "அதெல்லாம் ஒண்ணும் வராது."

உன்
குமரகுருபரன்