வெள்ளிக்கிழமை என் முறை

பெப்ரவரி 2, திங்கள்
பனி. வேலைக்குப் போகும் ரொக்ஸ்பரோ பஸ் தாமதம். வெயார்ஹவுஸுக்குள் போனதும் கோடைகாலம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை. இன்னும் கூரையை அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்கிறேன். இத்தனை பெட்டிகள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வாசலுக்கு. பெட்டிகளைச் சுமந்து பெல்ட் ஓடும் சத்தம் பெருமழை மாதிரி.

நல்லது: சூடு. காலுக்குப் புதுச் சப்பாத்து, சும்மா தந்தது. மூன்று மாதம் தாண்டினால் பல்லுக்கும் காப்புறுதி. உடைந்த முன்பல்லைக் கட்டலாம், கையால் வாயை மூடிக் கதைக்கத் தேவையில்லை. இன்னொன்று: “ஏன் பள்ளிக்கூடத்தை விட்டனி?” என்று ஒருவரும் கேட்பதில்லை. முன்பு நான் வேலை செய்த சித்தப்பாவின் கடையில் பால் வாங்க வருகிறவர்கள்கூடக் கேட்பார்கள்.

கெட்டது: வட்டம். வேலை தொடங்க முன் எல்லாரும் வட்டமாக நின்று உடற்பயிற்சி. ஒருவர் நடுவில் நின்று இந்த ஊர் மொழியான பிரெஞ்சில் பத்து வரை எண்ண, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒருவர்.

பெப்ரவரி 3, செவ்வாய்
பலகையில் பெயர்கள். வெள்ளி: நான்.

பக்கத்து மேசை சுகந்தி அக்கா: “எண்ணத்தானே சொன்னவை? பிள்ளை பெறச் சொன்ன மாதிரி முழிக்கிறாய்!”

பள்ளிக்கூடத்தை விட்டதே இதனால்தான். வகுப்புக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் பேசச் சொன்னார்கள். ஒரு சொல் வரவில்லை. மறுநாள் போகவில்லை. பிறகும் போகவில்லை.

பெப்ரவரி 4, புதன்
பெல்ட் தொடங்கும் இடத்தில் நிற்கும் ஹெயிட்டிக்காரர் வரவில்லை. மணி அடிக்க முன் அந்த இடத்தில் வேறொருவர். பெல்ட் நிற்கவேயில்லை. வியப்பு. கொஞ்சம் பயமும். அவர் பெயர் எனக்கும் தெரியாது.

பின்னேரம் சித்தப்பா வந்தார். “அங்க நீ வராட்டி இன்னொருத்தி. என்ர கடையில நீ வராட்டி கடை பூட்டு. திரும்பி வா பிள்ளை.”

அம்மா: “ஒருத்தருக்கும் தன்னைத் தெரியாது எண்டுதான் அவளுக்கு அங்க பிடிச்சிருக்கு.”

சித்தப்பா: “வெள்ளி பின்னேரம் முடிவைச் சொல்லு. இல்லாட்டி வேற ஆளைப் போடுறன்.”

பெப்ரவரி 5, வியாழன்
நாளைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்கலாம். போன் எடுத்தால் மெஷின்தான் பேசும். சுகமில்லை என்றால் ஒன்றை அழுத்து. ஏச ஆளில்லை. பெரிய கம்பனியில் ஓடுவதுகூட எவ்வளவு சுலபம்! ஓடினால் சித்தப்பாவின் கடைதான், எனக்குத் தெரியும்.

குளியலறையில் பிரெஞ்சில் எண்ணிப் பார்த்தேன். அம்மா கதவைத் தட்டி: “ஆரோட கதைக்கிறாய்?”

பெப்ரவரி 6, வெள்ளி
போனேன். சுகந்தி அக்கா முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டா. நடுவில் நான். சுற்றிவர முகங்கள், மேலே அந்தக் கூரை. பிரெஞ்சு முழுக்க மறந்துபோனது. இரண்டு கையையும் உயர்த்த வேண்டும், வாயை மூடக் கையில்லை.

“ஒண்டு” என்றேன்.

சுகந்தி அக்கா மட்டும், “ஒண்டு!”

“ரெண்டு.” நாலைந்து பேர். “மூண்டு.” சுப்பர்வைசரும். எட்டு வரும்போது முழு வட்டமும் கத்தியது. கூரையில் பட்டுத் திரும்பி வந்தது, என் எட்டு!

முடிந்ததும் சுப்பர்வைசர் என் கழுத்து அட்டையைப் பார்த்துத்தான் பெயர் சொல்லி, “மெர்சி” என்று நன்றி சொன்னார். நான் வராவிட்டால் இன்னொருத்தி என்று சித்தப்பா சொன்னதும் சரிதான்.

மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவன் வண்டியில் பெட்டிகளோடு கடந்து போகையில், “ஒண்டு! ரெண்டு!”

பின்னேரம் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். “வேற ஆளைப் போடுங்கோ, சித்தப்பா.”

போனில்தான். ஆனாலும் கை வாய்க்குப் போகவில்லை.